ஏற்றமும் இறக்கமும்: கெற்றில்பெல் வரலாறு தரும் பாடம்

கடைத்தெருவிலே பண்டம் நிறுக்கும் தராசையும், அதன் அருகே சிறிதும் பெரிதுமாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் படிக்கற்களையும் நாம் யாவரும் அறிவோம். படிக்கல்லின் வேலை நிறுப்பது. அஃது ஒருவனுடைய வலிமையை வளர்க்கும் கருவியாகவும், நாடுகள் கூடிப் போட்டியிடும் விளையாட்டுக்கு உரிய பொருளாகவும் மாறும் என்று நாம் நினைப்பதில்லை. ஆயினும் இரசிய நாட்டிலே அவ்வாறே நிகழ்ந்தது. இரும்பாலான உருண்டைக் குண்டு, அதன் தலையிலே வளைந்த ஒரு கைப்பிடி: இதுவே இன்று கெற்றில்பெல் என உலகெங்கும் வழங்கும் பயிற்சிக் கருவி. இரசியர் இதனைக் 'கீர்யா' என்பர். தராசிலே வைக்கும் படிக்கல்லுக்கும் அவர்கள் மொழியில் அதுவே பெயர்.

இவ்வரலாற்றைத் தேடிப் படிக்க நான் தலைப்பட்டதற்கு ஒரு சிறு காரணம் உண்டு. அதனை முதலிற் சொல்லிவிடுகிறேன். சிறிது காலத்துக்கு முன் என் மருமகன் ஒருவன் 16 கிலோகிராம் நிறையுள்ள கெற்றில்பெல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தான். முற்றத்திலே நின்று அதனை ஒரு கையாற் பற்றி, கால்களுக்கிடையே பின்னோக்கி வீசி, அவ்வீச்சின் வேகத்திலேயே தலைக்குமேல் நேராக ஏற்றி நிறுத்தினான். இடையிலே தோளில் தங்காமல் ஒரே வீச்சில் மேலே செல்லும் இவ்வேற்றத்துக்கே ஸ்னாச் என்று பெயர். இளமையிலே ஓரளவு தேகப்பயிற்சி செய்தவன் என்னும் நினைப்பு என்னை விட்டபாடில்லை. வயது ஐம்பதைக் கடந்ததையும் மறந்து நானும் முயன்றேன். குண்டு மேலே சென்றது. ஆறேழு முறை சென்றது. ஆனால் இறங்கும்போது ஒருமுறை உள்ளங்கைத் தோலைக் கிழித்துக்கொண்டு இறங்கிற்று. அதற்கு முன்னரே மேலேறும்போது முன்கையிலும் ஓங்கி அடித்திருந்தது. மருமகன் என் கையைக் கழுவிக் கட்டிவிட்டு, "மாமா, உங்களுக்கு ஏற்றத் தெரிகிறது, இறக்கத்தான் தெரியவில்லை" என்றான்.

அச்சொல் என் மனத்திலே நின்றது. அதன் பொருளை விளங்கிக்கொள்ள வரலாற்றை நாடினேன். கண்டதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பழைய இரசியாவில் 'பூட்' என்று ஒரு நிறையளவு இருந்தது. 40 இரசிய இறாத்தல் கொண்டது ஒரு பூட். இன்றைய கணக்கில் 16.38 கிலோகிராம், நாம் அறிந்த ஆங்கில இறாத்தலிற் கூறின் ஏறத்தாழ 36. தானியமும் மாவும் நிறுக்கும் சந்தைகளிலே ஒரு பூட், இரண்டு பூட் நிறையுள்ள இரும்புக் குண்டுகள் கிடந்தன. எடுத்து வைப்பதற்கு வசதியாக அவற்றுக்குக் கைப்பிடி அமைந்திருந்தது. நிறுவை ஓய்ந்த வேளைகளிலே அங்கு நின்ற இளைஞர் தம்முள் வலியவன் யார் என்று பார்க்க அவற்றைத் தூக்கத் தொடங்கினர் என்று கூறுவர். எந்த நாட்டிலும் இளைஞரின் இயல்பு இதுவே. கைக்கெட்டிய பாரம் ஒன்றைக் கண்டால் அதைத் தூக்கிப் பாராமல் அவர்கள் அப்பாற் செல்வதில்லை.

இக்காலத்துத் தூக்குதல் வெறும் பலக்காட்சியே. பின்னர் அது வட்டரங்குக் காட்சிகளிலும் புகுந்தது. மல்லர் பலர் இரும்புக் குண்டுகளைத் தூக்கியும் எறிந்தும் ஏந்தியும் மக்களை மகிழ்வித்தனர். கப்பலிலே வழிசெலுத்துநராகத் தொழில் செய்து பின்னர் அரங்கேறிய பியோத்தர் கிறிலோவ் என்பவரை மக்கள் 'கெற்றில்பெல்களின் அரசன்' என்றே அழைத்தனர். காண்போரை வியப்பிலாழ்த்துவதே அரங்கின் நோக்கம். குண்டு எத்துணைப் பெரிது, எத்துணை உயரம் சென்றது என்பவையே அங்கு கேள்விகள். அது எவ்வாறு இறங்கிற்று என்று கேட்பார் இல்லை.

இப்பலக்காட்சியைப் பயிற்சியாக மாற்றியவர் ஒரு மருத்துவர். வரலாற்றிலே நான் மிகவும் விரும்பிப் படித்த பகுதியும் அவரைப் பற்றியதே. விளாடிஸ்லாவ் கிராயெவ்ஸ்கி என்பது அவர் பெயர். 1841ஆம் ஆண்டு வார்சோவிற் பிறந்து, செயின்ற் பீற்றர்ஸ்பேர்க் நகரிலே மருத்துவத் தொழில் புரிந்தவர். 1885ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் அந்நகரிலே தம் இல்லத்தில் உடற்பயிற்சி அன்பர் சிலரைக் கூட்டி ஒரு கழகம் அமைத்தார். இரசியாவிலே பாரந்தூக்கும் கலை முறையாகப் பிறந்தது அன்றே என்று அந்நாட்டார் கொண்டாடுகின்றனர். கழகத்தை நிறுவியபோது அவர் நாற்பது வயதைக் கடந்தவர். தாமும் அந்த வயதளவிலேயே பயிற்சியைத் தொடங்கியவர். நாற்பதுக்குமேல் என்ன பயிற்சி என்று ஒதுங்குவோர் இச்செய்தியை நினைவிற் கொள்வாராக.

கிராயெவ்ஸ்கியிடம் வந்த இளைஞருள் ஜோர்ஜ் ஹக்கன்சிமித் என்பவர் தலைசிறந்தவர். 1877ஆம் ஆண்டு எஸ்தோனியாவில், இன்று தார்த்து எனப்படும் நகரிற் பிறந்தவர். றேவால் நகரிலே தொழில் பயின்றுகொண்டிருந்த காலத்தில், கையிலே ஏற்பட்ட காயம் காரணமாக மருத்துவரை நாடியபோது கிராயெவ்ஸ்கியின் பார்வை அவர்மேல் விழுந்தது. இளைஞரின் உடலைச் சோதித்த மருத்துவர் அவரைப் பீற்றர்ஸ்பேர்க்குக்கு வருமாறு அழைத்தார். 1898ஆம் ஆண்டு அவர் அங்கு சென்று மருத்துவரின் இல்லத்திலேயே தங்கிப் பயின்றார். அவ்வாண்டிலேயே வியன்னாவில் ஐரோப்பிய மற்போர் வெற்றியைப் பெற்றார். 1905இல் நியூயோர்க்கிலே அமெரிக்க மல்லர் ரொம் ஜென்கின்ஸை வென்று உலக வெற்றிவீரர் என்னும் புகழை எய்தினார். 1908இல் அவர் வெளியிட்ட உடற்பயிற்சி நூலிலே தம் ஆசிரியரை நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார். வலிமையை இறைவன் சிலருக்கே அளித்த வரம் என்று கருதிய காலத்தில், அதனை அளந்து, படிப்படியாக உயர்த்தி, உடல்நலத்தோடு இணைத்து வளர்க்கலாம் என்று காட்டியதே அம்மருத்துவரின் தொண்டு. அவர் 1901இல் காலமானார். அவர் மாணவருள் ஒருவரான இவான் லெபெதேவ் 'ஹெர்க்குலிஸ்' என்னும் இதழை நடத்தி இக்கருத்துக்களை நாடெங்கும் பரப்பினார்.

இதற்கிடையிலே படிக்கல்லின் தொழில் வாழ்வு முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. மூலகங்களின் ஆவர்த்தன அட்டவணையை வகுத்த மெண்டலீயெவ் என்னும் பேரறிஞரைப் பள்ளி மாணவரும் அறிவர். அவரே 1893ஆம் ஆண்டு இரசியாவின் நிறுத்தலளவை முகத்தலளவை மன்றத்துக்குத் தலைவரானார். அவருடைய முயற்சியால் 1899ஆம் ஆண்டுச் சட்டம் மீற்றர், கிலோகிராம் அளவைகளை விரும்பியோர் கைக்கொள்ள இடமளித்தது. 1918இல் புதிய அரசு அவற்றையே கட்டாயமாக்கிற்று. பூட் என்னும் அளவை சந்தையிலிருந்து மறைந்தது. ஆனால் பயிற்சிக் களத்திலிருந்து மறையவில்லை. இன்றும் போட்டிக் குண்டுகள் 16, 24, 32 கிலோகிராம் என அமைவதைக் காண்க. ஒரு பூட், ஒன்றரைப் பூட், இரண்டு பூட் என்னும் பழைய கணக்கே அது. வழக்கொழிந்த அளவை ஒன்று இரும்பிலே உறைந்து நிற்கிறது.

ஒலிம்பிக் விழாக்களிலே இடம்பெற்ற பாரந்தூக்கும் போட்டி, நீண்ட தண்டின் இருமுனையிலும் வட்டுக்களைப் பூட்டிய கருவியைத் தனதாக்கிக்கொண்டது. கெற்றில்பெல்லுக்கு அங்கே இடமில்லை. அது கிராமங்களிலும் படைமுகாம்களிலும் கப்பற்றளங்களிலும் எளியவரின் கருவியாக வாழ்ந்தது. தேய்வதில்லை, உடைவதில்லை, வைப்பதற்குப் பெரிய இடமும் வேண்டுவதில்லை. 1948ஆம் ஆண்டு மொஸ்கோவிலே சோவியத்து நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த வலியோர் இரண்டு பூட் குண்டுகளோடு போட்டியிட்டனர். எனினும் நாடு முழுமைக்கும் பொதுவான விதிகளோடு முறையான வெற்றிவீரர் போட்டி 1985ஆம் ஆண்டிலேயே லிப்பெற்ஸ்க் நகரில் நடைபெற்றது. அந்நகரிலேயே 1993இல் முதலாவது உலகப் போட்டியும் நிகழ்ந்தது.

நேயர்களே, இங்கேதான் நம் கதையின் திருப்பம் உள்ளது. தொடக்கக் காலப் போட்டிகளிலே கால எல்லை இருக்கவில்லை. குண்டைத் தரையில் வைக்கலாகாது. ஆனால் தலைக்குமேல் நிறுத்தி வைத்துக்கொண்டு வேண்டுமளவு மூச்சு வாங்கலாம். பொறுமைமிக்க வீரர் நெடுநேரம் அவ்வாறு நின்று எண்ணிக்கையை உயர்த்திக்கொண்டே சென்றனர். போட்டி நீண்டது, நடுவரும் பார்வையாளரும் சோர்ந்தனர். ஆதலால் 1989ஆம் ஆண்டில் ஒரு புதிய விதி வகுக்கப்பட்டது. 10 நிமிடம், அதற்குள் எத்தனை முறையோ அத்தனை. ஸ்னாச் போட்டியிலே கையை ஒருமுறை மட்டுமே மாற்றலாம். இடக்கையிற் தொடங்கியவர் வலக்கைக்கு மாறியபின் மீண்டும் இடக்கைக்குத் திரும்ப வழியில்லை. மேலே ஏறிய குண்டு அசைவற்று நிற்கவேண்டும். கையும் முழங்காலும் நேராக இருத்தல் வேண்டும். மேலேறும் வழியில் நின்றுவிட்ட குண்டைப் பின்னர் முண்டித் தள்ளினால் அவ்வேற்றம் கணக்கிற் சேராது.

இவ்விதி ஸ்னாச் செய்யும் முறையையே மாற்றிற்று. நிமிடத்துக்கு 20 முறை என்று கொள்வோம். 10 நிமிடத்தில் 200 முறை. குண்டின் நிறை 24 கிலோகிராம் ஆயின், மேலே சென்ற மொத்தப் பாரம் 4,800 கிலோகிராம். இந்தக் கணக்கைக் கண்டு வியப்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஏறியது 4,800 கிலோகிராம் ஆயின், இறங்கியதும் அதே 4,800 கிலோகிராம் அன்றோ? ஏற்றும்போது காலும் இடுப்பும் முதுகும் துணைநிற்கின்றன. இறங்கும் குண்டையோ இறுதியிலே தாங்கி நிறுத்துவன நான்கு விரல்களே.

எங்கள் பாடசாலையின் பௌதிக ஆசிரியரிடம் இதுபற்றிக் கேட்டேன். அவர் கரும்பலகையிலே ஓர் ஊசலை வரைந்தார். கயிற்றிலே கட்டிய குண்டைக் கிடைமட்டத்திலிருந்து விட்டால், அது அடியை அடையும் கணத்தில் கயிறு தாங்கும் இழுவை குண்டின் நிறையைப் போல் மூன்று மடங்கு. நேர் உச்சியிலிருந்து ஒரு பெருவட்டமாக வீழ்ந்தால் ஐந்து மடங்கு. 24 கிலோகிராம் குண்டு முன்னையதில் 72 ஆகவும் பின்னையதில் 120 ஆகவும் கயிற்றை இழுக்கும். மனிதனுடைய கை வெறுங் கயிறன்று. உடல் வளைந்தும் சாய்ந்தும் வேகத்தை உள்வாங்கும். எனினும் கையை நேராக நீட்டிப் பெரிய வட்டமாகக் குண்டை விழவிடுவோன் தன் விரல்களுக்குத் தானே பகையாகின்றான் என்பது அந்தப் படத்திலே தெளிவாயிற்று. என் உள்ளங்கை கிழிந்த காரணமும் அதுவே.

ஆதலால் இன்றைய வீரர் இறக்கத்தை ஒரு தனிக் கலையாகவே பயில்கின்றனர். அதன் முறையைச் சுருங்கக் கூறுகிறேன். மேலே நிற்கும் குண்டை இறக்கத் தொடங்கும்போது உடல் சற்றே பின்சாய்கிறது. முழங்கை மடங்க, குண்டு முகத்துக்கும் மார்புக்கும் அண்மையாகவே கீழ்நோக்கி வருகிறது. அவ்வாறு வரும்போதே கை திரும்பி, உள்ளங்கையின் நடுவிலிருந்த கைப்பிடியை விரல்களின் வளைவுக்கு மாற்றிக்கொள்கிறது. உள்ளங்கையின் தோல் மடிந்து நசுங்காதிருப்பது இந்தச் சிறு மாற்றத்தினாலேயே. பின்னர் மேற்கை விலாவோடு ஒட்ட, குண்டு கால்களுக்கிடையே பின்செல்கிறது. விழுந்த பாரத்தை இப்போது தாங்குவன விரல்கள் மட்டுமல்ல. இடுப்பும் தொடையும் அதிற் பங்கு கொள்கின்றன. அடுத்த ஏற்றத்துக்கான வேகமும் அந்தப் பின்வீச்சிலிருந்தே பிறக்கிறது. ஆகவே நன்றாக இறக்கியவன் அடுத்ததைப் பாதி ஏற்றியவன் ஆகின்றான்.

ஏற்றத்துக்கும் ஒரு நுட்பம் உண்டு. குண்டைத் தோளின் வலிமையால் இழுப்பதன்று. கால்களும் இடுப்பும் நிமிரும் விசையே அதனை மேலே அனுப்புகிறது. தலைக்கு அண்மையில் அது தன் பாரத்தை இழந்தாற்போல் ஒரு கணம் மிதக்கும். அக்கணத்திலே கையைக் கைப்பிடிக்குள் நுழைத்துவிட வேண்டும். காலந்தாழ்த்தினால் குண்டு கவிழ்ந்து முன்கையில் அடிக்கும். என் முன்கை கன்றியதும் இவ்வாறே. மூச்சை அடக்கிக்கொண்டு பத்து நிமிடம் செய்தல் இயலாது. ஏறும்போதும் நிற்கும்போதும் இறங்கும்போதும் தவறாது மூச்சு விடுகின்றனர். வியர்வையாற் பிடி நழுவாதிருக்கக் கையிலே மக்னீசியப் பொடி பூசுகின்றனர். போட்டிக் குண்டின் கைப்பிடி ஏறத்தாழ 35 மில்லிமீற்றர் தடிப்புடையது. எந்த நிறையாயினும் குண்டின் வெளிப்பருமன் ஒன்றாகவே இருக்கும். இலகுவான குண்டிலே பழகிய வழி பாரமான குண்டிலும் பிறழாதிருத்தற் பொருட்டே அவ்வாறு வார்க்கின்றனர்.

2001ஆம் ஆண்டின்பின் இப்பயிற்சி அமெரிக்காவிலும் பரவிற்று. மின்ஸ்க் நகரிற் பிறந்து அங்கு குடியேறிய பாவெல் சத்சூலின் என்பவர் அவ்வாண்டிலே வெளியிட்ட நூல் அதற்குப் பெரிதும் காரணமாயிற்று. அவர் வழியினர், 24 கிலோகிராம் குண்டை 5 நிமிடத்தில் 100 முறை ஏற்றுவதைத் தம் சோதனைகளுள் ஒன்றாகக் கொண்டனர். குறுகிய நேரத்தில் முழுவிசையோடு செய்வது அவர்கள் முறை. உடலைத் தளர்த்தி, விசையைச் சிக்கனமாக்கி நெடுநேரம் செய்வது போட்டி வீரர் முறை. எது சிறந்தது என்னும் வாதம் இன்னும் ஓயவில்லை. ஆயினும் இறங்கும் குண்டு உடலுக்கு அண்மையாகவே இறங்கவேண்டும் என்பதில் இரு சாராரும் ஒத்த கருத்தினரே.

இனி என் கதைக்கு வருகிறேன். கை ஆறியபின் மருத்துவரிடம் உடலைக் காட்டி அவருடைய இசைவைப் பெற்றேன். மருமகனிடம் மாணவனாகி, முதற் சில கிழமைகள் குண்டைத் தலைக்குமேல் ஏற்றவேயில்லை. கால்களுக்கிடையே வீசி மார்பளவிற்கு உயர்த்தி இறக்கும் பயிற்சியையே செய்தேன். பின்னர் 8 கிலோகிராம் குண்டை இரு கைகளாலும் மேலே வைத்து, ஒரு கையால் மட்டும் இறக்கிப் பழகினேன். இறக்கம் பழகியபின் ஏற்றம் தானாகவே வந்தது. இன்று 16 கிலோகிராம் குண்டை ஒவ்வொரு கையாலும் பத்து முறை ஏற்றி இறக்குகிறேன். பெரிய சாதனையன்று. ஆனால் தோல் கிழியவில்லை.

இதனை வானொலியிற் சொல்லத் துணிந்தது என்னைப் பற்றிக் கூறுவதற்காக அன்று. எங்கள் பாடசாலையின் பயிற்சி அறையிலும் இரண்டு கெற்றில்பெல்கள் உள்ளன. ஒருநாள் மாலை அவ்வழியாகச் சென்றபோது, மாணவர் சிலர் வட்டமாக நின்று ஒருவனை உற்சாகப்படுத்துவதைக் கண்டேன். மெலிந்த உடலுடைய பையன். தன் வலிமைக்கு மீறிய குண்டு. எல்லோரும் ஏற்றத்தை எண்ணினார்கள். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அவனுடைய தோள் அதிர்ந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. நான் உள்ளே சென்று குண்டை வாங்கி வைத்தேன். அவன் முகம் சிவந்தது. நண்பர் முன்னிலையில் அவனை நாணச் செய்துவிட்டேனோ என்று எனக்கும் வருத்தமே. பின்னர் அவனைத் தனியே அழைத்து, என் உள்ளங்கையிலே இன்னும் மறையாத தழும்பைக் காட்டினேன். பையன் சிரித்துவிட்டான். அதன்பின் அவ்வறையிலே ஒரு விதி எழுதி ஒட்டப்பட்டது: குண்டை ஒழுங்காக இறக்கக் கற்றவனே அதனை ஏற்றலாம். எண்ணுவோரும் இறக்கத்தையே எண்ணவேண்டும்.

சந்தையிலே தொடங்கிய பலக்காட்சி, மருத்துவர் ஒருவரின் இல்லத்திலே பயிற்சியாகி, 10 நிமிட விதியினாற் கலையாகிய வரலாறு இது. அவ்வறையிலே இப்போது மாலை வேளைகளிற் கேட்கும் எண்ணிக்கை முன்னையதினும் மெதுவானது. ஆனால் அது நெடுநேரம் தொடர்கிறது.